மெட்டு, மூச்சு, மூட்டு: அப்பத்தாக்களின் போராட்டப் பாட்டுக் குழு

கனடாவின் மேற்குக் கரையில் விக்டோரியா என்று ஒரு துறைமுக ஊர். அமெரிக்காவின் அணுசக்திப் போர்க்கப்பல்கள் அங்கே வந்து போவதை எதிர்த்து, 1987-ல் வயதான பெண்கள் சிலர் பூ வைத்த தொப்பியும் சால்வையுமாகத் தெருவில் இறங்கினார்கள். ஊருக்கே தெரிந்த பழைய மெட்டில் கேலி வரிகளைப் போட்டுப் பாடினார்கள். குழுவின் பெயர் 'ரேஜிங் கிரானீஸ்'. பிறகு வட அமெரிக்காவில் பல ஊர்களில் அதே பெயரில் குழுக்கள் முளைத்தன. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். மெட்டு பழசாக இருக்க வேண்டும், சொல் புதுசாக இருக்க வேண்டும். பாடுவது வயதான பெண்கள் மட்டுமாக இருக்க வேண்டும். தொப்பியை அங்கேயே விட்டுவிடலாம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் மதுரை நகரத்துத் தெருக்களிலும் இப்படி ஒரு குழுவைக் கட்டி நிறுத்த என்னென்ன வேண்டும், எங்கெங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஆள் சேர்ப்பது

'பாடத் தெரிந்தவர்கள் வாருங்கள்' என்று கூப்பிட்டால் பஜனைக் குழுவிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊருக்குள் போய் வேறு மாதிரி கேட்க வேண்டும்: "முளைப்பாரிக்கு இங்க யாரு பாட்டு எடுத்துக் குடுப்பாங்க?" கேட்ட இடத்திலேயே மூன்று பேர் பெயர் வந்துவிடும். அடுத்து, நடவுக்குப் போன காலத்தில் வரப்பில் முன்பாட்டுப் பாடியவர் யார் என்று கேளுங்கள். கல்யாண வீட்டில் குலவைக்கு ஆள்விட்டுக் கூட்டி வருவது யாரை என்று கேளுங்கள். குழு அங்கேயே இருக்கிறது, நாம் புதிதாக உருவாக்குவதில்லை. மகளிர் குழுவில் பழைய ஆட்கள் இருந்தால் இன்னும் நல்லது. கூட்டத்தில் எழுந்து பேசிப் பழகிய பெண்ணுக்குத் தெருவில் பாடுவது பெரிய காரியமில்லை. மதுரைக்குப் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாமலே களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டியவர், 2019-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். எழுத்து தெரியாது என்று யாரையும் விட்டுவிட வேண்டாம்.

பெயர்க் கணக்கு பன்னிரண்டு வைத்துக்கொண்டால் எந்த நாளும் எட்டுப் பேர் வந்து நிற்பார்கள். கண் ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், சாவு வீடு, குலசாமி கோயில் கிடாவெட்டு என்று நாலு பேர் எப்போதும் குறைவார்கள். ஆறு பேருக்குக் கீழே போனால் திறந்தவெளியில் குரல் நிற்காது. அன்றைக்குப் பாடாமல் மனு மட்டும் கொடுத்துவிட்டு வருவதே மரியாதை.

வேலையைப் பிரித்துவிட வேண்டும். பாட்டு எடுத்துக் கொடுக்க இருவர், அதில் ஒருவர் மாற்று ஆள். தாளத்துக்கு ஒருவர். குலவைக்கு இருவர். மற்றவர்கள் பின்பாட்டு. இதுபோக, போலீஸ்காரரிடமும் அதிகாரியிடமும் பேச ஒருவர் தனியாக வேண்டும். பாட்டு எடுத்துக் கொடுப்பவரே பேசவும் போனால் பாட்டு நடுவில் அறுந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும். இளம்பெண்கள் எழுத்து வேலை, போன், ஆட்டோ, வீடியோ எல்லாம் பார்க்கட்டும், பாட வேண்டாம். அவர்கள் சேர்ந்தால் சுருதி தன்னால் மேலே ஏறும், இரண்டாவது பாட்டில் வயதானவர்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் தடை வீட்டிலிருந்து வரும். "இந்த வயசுல ரோட்டுல நின்னு பாடணுமா?" என்று மகன் கேட்பான். மதுரையில் இது புதுப் பழக்கம் இல்லை. நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த கே.பி. ஜானகியம்மாள் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1967-ல் சட்டமன்றத்துக்கும் போனவர். மகனுக்கு இந்த வரலாறு போதும். மருமகளுக்கு வேறு பதில் வேண்டும். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது என்று நேராகச் சொல்லிவிட்டால் அங்கே எதிர்ப்பு பாதி குறையும்.

இரண்டாவது பயம் பணம். முதியோர் உதவித்தொகை 2023-ல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்த 1,200 நின்றுபோகும் என்று யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். பாடியதற்காக உதவித்தொகையை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் பயம் விளக்கத்தால் போகாது. ஆகவே முதல் பாட்டுக்கு உதவித்தொகை விஷயத்தை எடுக்க வேண்டாம். தெருவிளக்கு, பஸ், ரேஷன் கடை நேரம் என்று ஊரே ஒத்துக்கொள்கிற ஒன்றை எடுங்கள்.

சாதியைப் பேசாமல் இந்த வேலை நடக்காது. கோயில் மந்தையில் ஒத்திகை வைத்தால் ஒரு தெருப் பெண்கள் வர மாட்டார்கள், வரவும் விடமாட்டார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரம், நூலகம், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை என்று எல்லோரும் கால்வைக்கக்கூடிய இடமாகப் பாருங்கள். டீக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர், எடுப்பவர் தானே கழுவி வைப்பது என்று முதல் நாளே பழக்கிவிட வேண்டும். பறை அடிக்க மட்டும் அந்தத் தெரு ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டு, பாட்டுக்கு இந்தத் தெரு ஆள் என்று வைத்தால் குழு தொடங்கிய அன்றே உடைந்ததாக அர்த்தம். கும்மியில் பக்கத்துப் பெண்ணின் கையைத் தட்டுகிற அடவு உண்டு. அதை இரண்டாம் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். சங்கடம் இருந்தால் அங்கேயே தெரிந்துபோகும்.

மெட்டு

முதல் இரண்டு சந்திப்பில் புதுப்பாட்டு எதையும் எடுக்க வேண்டாம். அவரவருக்குத் தெரிந்த பழைய பாட்டைப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். கும்மி, முளைப்பாரிப் பாட்டு, நடவுப் பாட்டு, தெம்மாங்கு, தாலாட்டு எல்லாம் வரும். சொல்லை மறந்தவர்கள் 'தன்னானே' போட்டு நிரப்புவார்கள், அது போதும். நமக்கு வேண்டியது மெட்டுதான். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த நாலைந்து மெட்டுகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். ஒரே ஊரில்கூட வடக்குத்தெரு முளைப்பாரி மெட்டும் தெற்குத்தெரு மெட்டும் கடைசி வளைவில் வேறாக இருக்கும். எது சரி என்ற பஞ்சாயத்தில் இறங்கினால் ஒரு மாதம் போய்விடும். பாட்டு எடுத்துக் கொடுப்பவரின் தெரு மெட்டே மெட்டு என்று முடித்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு மெட்டு ஆசை காட்டும். எம்.ஜி.ஆர். படப் பாட்டு என்றால் வேண்டாம் என்று சொல்லும் அப்பத்தா கிடையாது. மூன்று சிக்கல் உண்டு. அவை ஆண் குரலுக்கோ பயிற்சி பெற்ற பெண் குரலுக்கோ போட்டவை, அனுபல்லவியில் மேலே ஏறிவிடும். கேட்பவர் மனதில் பழைய வரிதான் ஓடும், நம் கோரிக்கை காதில் விழாது. வீடியோவை இணையத்தில் ஏற்றினால் உரிமைச் சிக்கலும் வரலாம். நக்கலுக்காக இரண்டு வரி எடுத்துப் பாடுவது வேறு, முழுப் பாட்டையும் அதில் கட்டுவது வேறு.

சுருதி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். வயதாக ஆகப் பெண்குரல் கீழே இறங்கும், மேல்ஸ்தாயி போய்விடும். போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றை இறக்கி, 5 கட்டை சுருதியில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். மெட்டு கீழ் 'ஸ'-வுக்கும் மேல் 'ஸ'-வுக்கும் நடுவே அடங்க வேண்டும். பெரும்பாலான கும்மி மெட்டுகள் 'ப', 'த' வரைக்குமே போகும், அதனால்தான் அவை இந்த வேலைக்கு ஏற்றவை. கழுத்து நரம்பு புடைத்தாலோ தாடை மேலே தூக்கினாலோ அரைக்கட்டை இறக்கி 4½-ல் வையுங்கள். இதைவிட இறக்கினால் குரல் தெருவில் கேட்காது. ஆப் ஒத்திகைக்கு மட்டும் போதும். வெளியே எடுத்துக் கொடுப்பவரின் காதுதான் சுருதி. பதற்றத்தில் எல்லோருமே ஒரு கட்டை ஏற்றித்தான் தொடங்குவார்கள். ஆகவே முதல் வரியை அவர் ஒரு தடவை முனகிப் பார்த்துவிட்டு எடுப்பது என்று வழக்கப்படுத்துங்கள்.

ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் வராமல் குழாய் செத்தது, கண்மாய் செத்தது என்று ஒப்பாரி வைப்பது ஆர்ப்பாட்டங்களில் எடுபடும் உத்தி. ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரிக் குரல் எழுப்பப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று தர்க்கம் பண்ணாதீர்கள். ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையில் ஒரு தடவை மட்டும் பாடிப் பார்த்துவிட்டு விடுங்கள். ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு ஒத்திகையே தேவையில்லை. பாடை கட்டித் தூக்குவது மட்டும் வேண்டாம். போலீஸ் முதலில் பறிப்பது அதைத்தான், தள்ளுமுள்ளில் விழுவது வயதானவர்கள்தான்.

சொல் கட்டுவது

ஒரு பாட்டுக்கு ஒரு கோரிக்கை. ரேஷன், பஸ், சாக்கடை மூன்றையும் ஒரே பாட்டில் போட்டால் கேட்கிற அதிகாரிக்கு எதையும் செய்ய வேண்டிய அவசியம் இருக்காது. எந்தக் கடை, எந்த நாள், என்ன செய்ய வேண்டும் என்பது பாட்டிலேயே இருக்க வேண்டும். ஆளின் பெயர் வேண்டாம், அந்தப் பதவியின் பெயர் போதும். பெயர் சொன்னால் அவதூறு என்று திருப்பிவிடுவார்கள்.

பாட்டில் வரும் விவரம் பொய்யாகக்கூடாது. பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு மனு போட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடையில் எத்தனை கார்டு, கைரேகை விழாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற எண் கையில் வந்தபிறகு பாட்டை முடிப்பதுதான் முறை. கணக்குச் சொல்லிப் பாடுகிற கிழவியிடம் "சும்மா சொல்றீங்க" என்று யாரும் சொல்ல முடியாது.

கைரேகைப் பிரச்சினைக்குக் கும்மி மெட்டில் கட்டிய பாட்டு ஒன்று மாதிரிக்கு:

கையில ரேகையும் தேஞ்சதம்மா - களைக்
கொத்துப் பிடிச்சது காச்சதம்மா
பையில கார்டும் கிடக்குதம்மா - அந்தப்
பாழான மெஷினு ஏற்கலம்மா

மூணு தடவ நடந்துபுட்டோம் - எங்க
முட்டியுந் தேஞ்சு கிடந்துபுட்டோம்
வேணுங் கருவிழி மெஷினுதான் - கண்ணைப்
பார்த்துப் பதிஞ்சு கொடுங்களய்யா

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. வரியின் தலை எழுத்து க, ப, ம, வ என்று இருக்கிறது. முன்பல் இல்லாதவர்களுக்கும் பல்செட் போட்டவர்களுக்கும் ச, த, ந இவை காற்றாகப் போகும். உதட்டிலும் அடிநாக்கிலும் பிறக்கும் எழுத்துகள் கெடாது. வரியின் நடுவில் த, ச வந்தால் பாதகமில்லை, அழுத்தம் விழும் இடத்தில் வராமல் பார்த்தால் போதும். வெற்றிலை போட்டுக்கொண்டு பாடினால் எந்த எழுத்தும் உருப்படாது. பாட்டுக்கு முன்னால் கொப்பளித்துவிட வேண்டும். இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் மொத்த வேலையிலும் கடினமானது.

வரியின் முடிவில் ஆ, ஓ, ஏ போன்ற திறந்த நெடில் இருந்தால் குரல் தூரம் போகும். 'கேக்குது', 'போச்சு' என்று உகரத்தில் முடித்தால் கடைசி எழுத்து தெருச்சத்தத்தில் செத்துவிடும். 'அம்மா', 'அய்யா' என்று முடிவதற்குப் பழைய பாட்டுகளில் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். எதுகை அலங்காரத்துக்கு இல்லை. தாளைப் பார்த்துப் படிக்க முடியாதவர்களுக்கு 'கையில' முடிந்ததும் 'பையில'-வை நினைவுபடுத்துவது அதுதான். அச்சடித்த தாள் கொடுப்பது வீண். கண்புரை இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு குனிவார்கள், குரல் தரையைப் பார்த்துப் போகும்.

வேகம்: நிமிஷத்துக்கு 70 முதல் 80 கைத்தட்டு. மேலே உள்ள கும்மியில் இரண்டு வரிக்கு எட்டுத் தட்டு வரும், ஏறக்குறைய ஆறரை விநாடி. 60-க்குக் கீழே போனால் வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். 90-ஐத் தாண்டினால் சொல் விழுங்கப்படும். மூச்சு எடுக்கும் இடம் 'அம்மா'-வுக்குப் பின்னால். 'களைக்', 'அந்தப்' என்று அடுத்த வரியைத் தொடங்கும் சின்னச் சொல்லை முன்பாட்டுக்காரர் மட்டும் சொல்ல வேண்டும், பின்பாட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் மூச்சு எடுத்துக்கொள்வார்கள். முன்பாட்டும் பின்பாட்டுமாக ஒவ்வொரு கண்ணியும் இரண்டு தடவை வந்தால், எடுப்பும் (தொடக்க வரிகள்) மூன்று கண்ணிகளும் சேர்ந்து மூன்று நிமிஷத்துக்குள் முடியும். அதற்கு மேல் நீட்ட வேண்டாம். நின்று கேட்கிற கூட்டமும் அவ்வளவு நேரம்தான் நிற்கும்.

நிலைமை மாறினால் பாட்டும் மாற வேண்டும். 2025-ல் வயதானவர்களின் வீடு தேடி ரேஷன் பொருள் தரும் தாயுமானவர் திட்டம் வந்தது. வண்டி ஒழுங்காக வருகிற ஊரில் போய் இந்தக் கைரேகைப் பாட்டைப் பாடினால் சிரிப்பார்கள். அங்கே வண்டி வராத தெருவைப் பற்றி ஒரு கண்ணி புதிதாகக் கட்ட வேண்டும்.

ஒத்திகை

மதியச் சாப்பாடு முடிந்து, ஆடு மாடு திரும்புவதற்கு முன்னால், இரண்டரையிலிருந்து நாலு மணி வரை. வாரம் ஒன்று போதும். நகரத்தில் பூக்கட்டும் பெண்கள் இருக்கும் தெருவில் தனியாக நேரமே ஒதுக்க வேண்டாம். மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே பாடட்டும். நார் சுற்றும் கைக்கு ஒரு தாளம் உண்டு, மெட்டு அதில் தானாக உட்காரும். நின்று பாடுவதை மட்டும் கடைசி அரைமணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம்.

கும்மி குனிந்து அடிப்பது. மூட்டு வலி உள்ளவர்களால் இரண்டு கண்ணிக்கு மேல் தாங்காது. வட்டமாகச் சுற்றினால் பாதிப் பேர் முதுகு கூட்டத்தைப் பார்க்கும், குரல் வட்டத்துக்குள்ளேயே சுழலும். ஆகவே பிறைவடிவத்தில் நிற்க வையுங்கள். ஒரு பாதம் முன்னால், தட்டும்போது இடுப்பு மட்டும் லேசாகத் திரும்பினால் கும்மி போலவே தெரியும். நிற்க முடியாதவர்களுக்குப் பிறையின் இரண்டு முனையிலும் நாற்காலி. நடுவில் போட்டால் வரிசையில் பள்ளம் விழும். காது மந்தமானவர்களைத் தாளக்காரிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், எடுத்துக் கொடுப்பவர் கையைத் தூக்கினால் பாட்டு ஆரம்பம், இறக்கினால் குலவை என்று சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

குலவையைச் சிக்கனமாக வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. தெருவில் போகிற ஆளைத் திரும்பிப் பார்க்க வைப்பதில் மைக்கை மிஞ்சியது அது. ஆனால் இரண்டு குலவைக்குப் பிறகு தொண்டை வறண்டு அடுத்த பாட்டு கெடும். கணவனை இழந்தவர்கள் சிலர் குலவை போடத் தயங்குவார்கள், முன்வரிசையில் நிற்கவும் மறுப்பார்கள். வற்புறுத்தி நிறுத்துவதைவிட, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சுங்குடிச் சேலை என்று வைத்துவிட்டால் அந்தப் பேச்சு மெல்ல அடங்கும். சுங்குடி பருத்தி, வெயிலுக்கும் ஆகும். சேலைக்குப் பணம் இல்லையென்றால் ஒரே நிறத் துண்டு போதும், தலைக்கும் ஆயிற்று.

தாளமும் ஒலியும்

வெறுங்கைத் தட்டு இரண்டாவது பாட்டிலேயே தோளைப் பிடிக்கும். ஒரு ஜோடிக் கைத்தாளம் வாங்கிவிடுங்கள். பஜனைக்கு வைத்திருப்பது யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும். அடித்தாளத்துக்குக் காலிப் பிளாஸ்டிக் குடம் நன்றாக உதவும். வாயில் உள்ளங்கையால் அடித்தால் 'தும்', வயிற்றில் விரலால் தட்டினால் 'தக்'. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் குடமே கொடியும் ஆகிவிடும். பறை இருந்தால் சிறப்பு. ஆனால் பறையைப் பாட்டுக்கு நடுவில் வைத்தால் வயதான எட்டுப் பேரின் குரலும் அதற்குள் முங்கிவிடும். ஆள் கூட்ட ஐந்து நிமிஷம் அடித்துவிட்டு, பாடும்போது நிறுத்திவிட வேண்டும்.

சக்கரம் வைத்த டிராலி ஸ்பீக்கரை பஸ் படியில் ஏற்றப் பெண்களால் முடியாது. தோளில் மாட்டும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் வயர் மைக்கும் போதும். வயர்லெஸ் மைக்கில் பேட்டரி எப்போது தீரும் என்று தெரியாது. மைக் எடுத்துக் கொடுப்பவருக்கு மட்டும், வாயிலிருந்து நாலு விரல் தூரம். ஸ்பீக்கர் பிறைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் மைக்கில் புகுந்து ஊளையிடும். ஊளை வந்ததும் மைக்கைக் கையால் பொத்துவது எல்லோரும் செய்கிற தவறு, பொத்தினால் ஊளை கூடத்தான் செய்யும். சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லை மைக்கோடு நாலடி தள்ளிப் போக வேண்டும். மைக்கே இல்லாத இடத்தில் முதுகுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் இருக்கும்படி நில்லுங்கள். குரல் பின்னால் சிதறாமல் சுவரில் பட்டு முன்னுக்கு வரும். நிழலுக்காக மைதானத்து நடு மரத்தடியைத் தேடினால் இந்த வசதி போய்விடும். காலை நேரத்தில் சுவரின் மேற்குப்பக்கம்தான் நிழல் விழும், சுவரும் நிழலும் சேர்ந்து கிடைக்கும் அப்படி ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

வெளியே போகும் நாள்

முதல் தடவை கலெக்டர் ஆபீசுக்குப் போகாதீர்கள். கிராம சபைதான் நல்ல தொடக்கம். 2022-லிருந்து வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் ஊர், தெரிந்த முகம், நாற்காலியும் இருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் பாடிவிட வேண்டும். கையெழுத்து வாங்கியதும் பெண்களை வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். பாடி முடித்த கையோடு கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டம் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மதுரை கலெக்டர் ஆபீஸ் வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், மண்ணெண்ணெய்ப் பாட்டில் இருக்கிறதா என்று. தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்து பார்த்தாலும் கோபப்பட வேண்டாம் என்று அப்பத்தாக்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். உள்ளே பாட விடமாட்டார்கள். வெளியே திருவள்ளுவர் சிலைப் பக்கம் பாடிவிட்டு உள்ளே போய் மனுக் கொடுப்பதுதான் வரிசை. மனுவில் இரண்டு பிரதி, பதிவு எண் வாங்காமல் திரும்பக் கூடாது. பாட்டை டிவிக்காரர் எடுப்பார், மனுவைத்தான் ஃபைலில் கோப்பார்கள்.

மாநகருக்குள் ஆர்ப்பாட்டம் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும். குறைந்தது ஐந்து நாள் முன்னால் மனுக் கொடுங்கள், ஒலிபெருக்கி உண்டா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. ராஜாஜி ஆஸ்பத்திரிப் பக்கம் குடமும் கைத்தாளமும்கூட வேண்டாம்.

மாத்திரை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் காலையில் போட்டுக்கொண்டு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பலமுறை ஒதுங்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள், வெயிலில் மயங்கி விழுவார்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நம் வேலை பாடும் இடத்துக்கு நூறு அடிக்குள் கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வருவது. கழிப்பறை இல்லாத இடத்தில் நிகழ்ச்சியே வைக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பையில் சாப்பாடு, கடலைமிட்டாய், மதிய மாத்திரை மூன்றும் இருக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். போக்குவரத்துக்குச் செலவில்லை, 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெரியாரிலோ மாட்டுத்தாவணியிலோ இறங்கி நடக்க வேண்டிய தூரத்துக்கு மட்டும் ஆட்டோ. ஆட்டோ, டீ, வடைச் செலவுக்கு மாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக்கொள்ளலாம்.

போலீஸ் வரும்போது பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஆத்தா, இங்க நிக்கக் கூடாது. கெளம்புங்க."

"கெளம்பிட்டோம் தம்பி. இன்னும் ஒரு கண்ணிதான் கெடக்கு, பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?"

பேசுவதற்கென்று வைத்த ஒருவர் மட்டும் இதைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பாட்டை நிறுத்தக் கூடாது. அந்த ஒரு கண்ணியோடு உண்மையிலேயே முடித்துவிட வேண்டும். சொன்ன வாக்கை ஒரு தடவை மீறினால் அடுத்த தடவை 'தம்பி' எடுபடாது. வண்டியில் ஏற்றினால் ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவதுதான் வழக்கம். பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, அசாதாரணச் சூழலில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43(5)-ம் பிரிவு. சாட்சி விசாரணை என்று பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவும் முடியாது, 179-ம் பிரிவின்படி அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். இரண்டு எண்ணையும் பேசுபவர் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். நியூயார்க்கில் 2005-ல் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் அலுவலக வாசலில் உட்கார்ந்த 18 பாட்டிகளைக் கைது செய்தார்கள், 2006-ல் நீதிபதி அத்தனை பேரையும் விடுவித்தார். வயதானவர்கள் மேல் வழக்குப் போடுவது எந்த ஊரிலும் அரசுக்குச் சங்கடம்தான். அதை நம்பி அடையாள அட்டையும் மாத்திரையும் இல்லாமல் போகக் கூடாது.

குழு கெடும் இடங்கள்

முதல் நிகழ்ச்சியின் வீடியோ பரவியதும் கட்சிக்காரர்கள் வருவார்கள். ஆளுக்கு ஐநூறும் பிரியாணியும் தருகிறோம், நம் கூட்டத்தில் வந்து பாடுங்கள் என்பார்கள். ஒரு தடவை போனால் அதற்குப் பிறகு எந்தக் கோரிக்கைக்குப் பாடினாலும் 'யார் காசு கொடுத்தது' என்ற கேள்விதான் வரும். மறுப்பதற்கு ஒரு பொது விதி இருந்தால் முகத்தைப் பார்த்து மறுக்கும் சங்கடம் இருக்காது: எங்கள் ஊர்க் கோரிக்கை தவிர வேறு எதற்கும் பாடுவதில்லை. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் குறைதீர்க்கும் நாளும் நடக்காது. அந்த நாட்களை ஒத்திகைக்கும் பழைய பாட்டு சேகரிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டு எடுத்துக் கொடுப்பவர் ஒருவரே என்று வைத்த குழு, அவருக்கு உடம்பு முடியாமல் போன அன்றே நின்றுவிடும். மாற்று ஆளுக்கு மூன்றில் ஒரு பாட்டையாவது கட்டாயம் கொடுங்கள். நன்றாக எடுப்பவர் இதை விரும்ப மாட்டார், முகம் சுளிப்பார். கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கோரிக்கை நிறைவேறினால் அந்தப் பாட்டை அந்த இடத்திலேயே ஒரு தடவை பாடி முடித்துவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள். மெட்டு அடுத்த பாட்டுக்கு வேண்டியிருக்கும். ஒரே மெட்டில் இரண்டு பாட்டு ஒரே சமயத்தில் புழங்கினால் நடுத்தெருவில் ரேஷன் பாட்டும் பஸ் பாட்டும் கலந்துபோகும். ஒவ்வொரு பாட்டையும் எடுப்பு மட்டும் தனியாக, முழுப்பாட்டு தனியாக என்று இரண்டு பதிவாகப் போனில் வையுங்கள். அந்தப் போன் பேரன் விளையாடுகிற போனாக இருக்க வேண்டாம். இன்னொருவர் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.